முகவரியாளர் நேரில் வரவேண்டும்

எங்கள் முனியாண்டிக்கு முகவரி இருக்கிறது. எங்களுக்கு இல்லை. இதைக் கேட்டதும் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கரப்பத்தனைக்கு மேலே ஈரமலைத் தோட்டம், மேல் டிவிசன், ஐந்தாம் நம்பர் லயம். ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகாக இருபத்துநான்கு காம்பரா, நூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். தபால்காரர் அங்கே பையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். அது எப்போது லயத்துக்கு ஏறி வரும் என்பது ஆபீசில் யாருக்கு எப்போது நினைவு வருகிறது என்பதைப் பொறுத்தது. கல்யாணப் பத்திரிகை கைக்குக் கிடைக்கும்போது அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைக்கு மொட்டை அடித்திருப்பார்கள்.

போன வருடம் என் தங்கை வேலாயியின் மகள் கிருஷாந்திக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. பரீட்சை முடிந்து பத்தொன்பதாம் நாள் வந்தது. அவள் அதைப் படித்தாள், மடித்து வைத்தாள், கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் விஞ்ஞானம் படித்துத் தேறிய பிள்ளை அவள். இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்தாள். வயதெல்லைப்படி இதுதான் கடைசித் தடவை. இந்தக் கடிதமும் பிந்தினால் அவள் காலம் முழுவதும் கொழுந்துதான் பறிக்கவேண்டும். கொழுந்து பறிப்பதைக் கேவலம் என்று சொல்லவில்லை, நானே முப்பது வருடமாகப் பறிக்கிறேன். அவள் வேறொன்றை விரும்பினாள். அதற்காகப் படித்தாள். அவ்வளவுதான்.

கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டோம். ஆட்டோ ஓட்டும் நிரோஷன் ஆபீசுக்கு முன்னால் உண்ணாவிரதம் இருப்போம் என்றான்.

“சாப்புடாம விடியக்காலம் பேரு பதியப் பெரட்டுக்குப் போறது நமக்குப் புதுசாடா? உண்ணாவிரதம் இருக்கோம்னு நாமளே சொன்னாத்தான் தெரியும்” என்றார் செல்லசாமி அண்ணன். அவர்தான் எங்கள் சாமியாடி. மற்ற நேரத்தில் அவர் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். பயந்த சுபாவம். கங்காணி இருமினாலே எழுந்து நிற்பார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் கோயில் சபையின் செயலாளர். எழுத்து அழகாக இருக்கிறது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் என்னைப் போட்டார்கள். முனியாண்டி கோயில் பெரிய கோயில் ஒன்றுமில்லை. பஸ் போகும் ரோட்டு முடக்கில், சவுக்கு மரத்தடியில், ஒரு கல், ஒரு சூலம், மேலே நாலு தகரம். ஆனால் அரசாங்கத்தில் பதிந்த கோயில். அதற்கு இலக்கம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, ரோட்டோரத்தில் இருப்பதால் தபால்காரர் நின்று கடிதம் கொடுத்தே ஆகவேண்டும்.

“எல்லாரும் கோயில் விலாசத்துக்கு மாத்திக்குவோம். முனியாண்டி மேற்பார்வைன்னு போட்டாப் போதும்” என்றேன்.

“சாமிகிட்ட கேக்க வேணாமா?” என்று வேலாயி இழுத்தாள்.

“நம்மளப் பாத்துக்கிறதுதான அவரு வேலை? கடுதாசியும் சேத்துப் பாத்துக்கட்டும்.”

ஒரு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேரும் முனியாண்டி வீட்டுக்குக் குடிபோனோம், எழுத்தில்தான். பள்ளிக்கூடம், வங்கி, சங்கம், எல்லா இடத்திலும் மாற்றிக் கொடுத்தோம். நிரோஷன் ஒரு எண்ணெய் டின்னை வெட்டிச் சூலத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டான். கடிதங்கள் வந்தன. வந்த அன்றைக்கே கைக்குக் கிடைத்தன. எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்படி ஒரு பெருமை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்களுக்கு வாய்த்த பூசாரி கீழே பஜாரில் உபதபாலகத்தில் இருந்தார். பெயர் குகநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து ஆறு வருடம். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார், ஒரு டீத்தண்ணி கூட வாங்கிக் குடிக்கமாட்டார். விதி என்றால் விதி. அதுதான் தொல்லை. நிரோஷனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் பதிவுத்தபாலில் வந்தபோது கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். நான் நேரில் போனேன்.

“உங்கட பொடியன்ர அடையாள அட்டையில தோட்டத்து முகவரி. கடிதத்தில கோயில் முகவரி. ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு நான் எப்பிடி நம்புறது?”

“புது அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கோமுங்க.”

“அது வரட்டும்.”

“அதுவும் பதிவுத்தபால்லதாங்க வருமாம்.”

அவர் ஒரு கோவையை எடுத்து என் முன்னால் விரித்தார். கோயிலைப் பதியும்போது தபால் முகவரிக்காக நான் நிரப்பிக் கொடுத்த படிவம். ‘அவ்விடத்தில் நிரந்தரமாக வசிப்பவர்’ என்ற இடத்தில் என் அழகான எழுத்தில் ‘முனியாண்டி’ என்று இருந்தது. வேறு என்ன எழுதுவது? பூசாரி லயத்தில் இருக்கிறார். கோயிலில் இருப்பது முனியாண்டி ஒருவர்தானே. சாமி விஷயத்தில் பொய் எழுதலாமா?

“நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள். நிரந்தர வதிவாளர் முனியாண்டி. அப்ப அவர் கையெழுத்து வைச்சு வாங்கலாம்” என்றார் குகநேசன். சிரிக்கவில்லை.

“அவரு சாமிங்கய்யா.”

“ஆரெண்டாலும் பரவாயில்லை. நேரில வைக்கவேணும்.”

நான் லயத்துக்கு வந்து கத்தினேன். எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். செல்லசாமி அண்ணன் மட்டும், “கூப்புட்டா வருவாருதான்” என்று மெல்லச் சொன்னார்.

மறுநாள் தபால்காரர் கணேசமூர்த்தி பதிவேட்டோடு சவுக்கு மரத்தடிக்கு வந்தார். எங்கள் லயத்துப் பையன் தர்ஷன் தப்பு மேளத்தை அடித்தான். ஐந்து நிமிடத்தில் செல்லசாமி அண்ணனின் தோள் குலுங்கியது, கண் செருகியது, கால் பெருவிரல் உள்நோக்கி மடிந்தது. பெருவிரல் மடிந்தால் சாமி வந்துவிட்டது என்று அர்த்தம், அதில் ஏமாற்ற முடியாது. கணேசமூர்த்தி பேனாவை நீட்டினார். பெயர் எழுதவே தெரியாமல் சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிற செல்லசாமி அண்ணன், பேனாவைப் பிடுங்கி மூன்று கூர் வைத்த ஒரு சூலத்தைச் சர்ரென்று இழுத்துவிட்டார். குகநேசன் அதை ஏற்றுக்கொண்டார். இரண்டாவது தடவை சாமி வந்தபோது முதல் கையெழுத்தோடு கண்ணாடி போட்டு ஒப்பிட்டுப் பார்த்தாராம். மயிரிழை பிசகவில்லையாம்.

அப்புறம் இது ஒரு நடைமுறையாகிவிட்டது. பதிவுத்தபாலைக் கணேசமூர்த்தி செவ்வாய், வெள்ளியில் மட்டும் கொண்டுவருவார். மற்ற நாளில் சாமியைத் தொந்தரவு செய்வது முறையில்லை என்று அவரே முடிவெடுத்துக்கொண்டார். ஒரு தடவை கோயில் லைட்டுக்கான கரண்ட் சிவப்பு நோட்டீஸ் பதிவில் வந்தது. சாமி அதைப் பார்த்துவிட்டு, “எனக்கு வேணாம்டா இது!” என்று உறுமித் தள்ளிவிட்டார். கணேசமூர்த்தி ‘முகவரியாளர் ஏற்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பிவிட்டார். லைட்டை வெட்டினார்கள். பத்து நாள் முனியாண்டி இருட்டில் உட்கார்ந்திருந்தார். பட்டால்தானே தெரியும்.

கணக்கெடுக்க வந்த பிள்ளை ஒன்று, கோயில் முகவரியில் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே குடும்பம் என்று பதிந்தது. குடும்பத் தலைவர் முனியாண்டி. தொழில் காவல். வயது கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. “அறுபதுக்கு மேலன்னு போடுங்க மிஸ், முதியோர் சலுகை ஏதாச்சும் வந்தா வரட்டும்” என்றான் நிரோஷன்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் செல்லசாமி அண்ணனின் அம்மா ராசம்மா காலமானார். தொண்ணூறு தாண்டிய சாவு, தூக்கத்தில் போய்விட்டார், அழுதோம், அடக்கம் செய்தோம். பெண் கொடுத்து பெண் எடுத்து எங்கள் லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். ஆகவே இருபத்துநான்கு காம்பராவுக்கும் தீட்டு. பதினாறு நாள் கோயில் பக்கம் போகக்கூடாது, தப்படித்துச் சாமியைக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டாலும் வரமாட்டார். பெற்ற தாயைப் புதைத்த உடம்பில் எப்படி வருவார்?

நாலாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, கணேசமூர்த்தி லயத்துக்கு ஏறும் படியடியில் நின்றுகொண்டு, மேலே வராமல், என்னைக் கூப்பிட்டார். கையில் நீளமான உறை.

“ஜீவராணியக்கா, கிருஷாந்திக்குப் பதிவுத்தபாலு. சுகாதார அமைச்சுலருந்து.”

கிருஷாந்தி என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் உறையைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். முப்பது அடி தூரம்கூட இல்லை.

“குடுத்துட்டுப் போங்க தம்பி” என்றேன்.

“கையெழுத்து?” என்றார். “ஏழு நாள் வச்சிருப்பாங்க. அதுக்குள்ள எடுக்கலைன்னா திருப்பி அனுப்பிருவாங்க.” உறையைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது கண்ணைத் துடைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தீட்டுக் கழிய இன்னும் பன்னிரண்டு நாள். கடிதத்துக்கு ஏழு நாள். அதற்குள் நேர்முகப் பரீட்சை எந்தத் தேதி என்பதும் தெரியாது, நாளைக்கே இருந்தாலும் இருக்கலாம்.

அவளுக்கு இன்னும் புது அடையாள அட்டை வரவில்லை. சனிக்கிழமையே கிருஷாந்தி கீழே போய்க் குகநேசனிடம் கெஞ்சினாள். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினாராம். புதன்கிழமை கீழ் டிவிசன் சாமியாடியை அழைத்துப் போனோம். அவர் மேல் வருவது ரோதைமுனி, தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவல் நிற்கிற சாமி. கவுண்டருக்கு முன்னாலேயே இறங்கி வந்து ஒரு வட்டத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

“இது முனியாண்டியாற்ற கையெழுத்து இல்லை. இவர் வேற ஆள்” என்றார் குகநேசன். “அவர் இவருக்கு அதிகாரக் கடிதம் ஏதும் குடுத்திருக்கிறாரோ?”

ரோதைமுனி கொஞ்ச நேரம் உறுமினார். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். வெட்கமாகிப்போய் மலையேறிவிட்டார்.

வியாழன் இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. விடிந்ததும் லயத்து முற்றத்தில் நின்று சொன்னேன்.

“தீட்டு நமக்கு. கோயிலுக்கும் போவக்கூடாது, சரி. போஸ்டாபீசுக்கு என்ன தீட்டு? சாமிய அங்கேயே கூப்புடுவோம்.”

“யாரு மேல வருவாரு?” என்று செல்லசாமி அண்ணன் கேட்டார்.

“அது அவரு பாடு.”

அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு யாரும் பெரட்டுக்குப் போகவில்லை. எழுபது பேர் மூன்று மைல் இறங்கி நடந்தோம். தீட்டுள்ளவர்கள் ரோட்டிலேயே நின்றுகொண்டோம். கீழ் டிவிசன் தப்புக்காரர்கள் மூன்று பேரை மட்டும் உள்ளே அனுப்பினோம். கதவும் சன்னலும் திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. உள்ளே குகநேசன், கணேசமூர்த்தி, முத்திரை வாங்க வந்த ஒரு சிங்கள அம்மா. தப்பைப் பார்த்ததும் அந்த அம்மா “மொகத மே?”, என்ன இது, என்று கேட்டார். “தெய்யோ எனவா” என்று நிரோஷன் வெளியிலிருந்து சொன்னான். தெய்வம் வருகிறது என்றதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் கும்பிட்டு நின்றுகொண்டார். அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தப்பு முழங்கியது. தகரக் கூரை அதிர்ந்தது. நாங்கள் எல்லோரும் கணேசமூர்த்தியைப் பார்த்தோம், வந்தால் அவர் மேல்தான் வரும் என்று. அவரும் அதையே நினைத்து மேசைக்காலைப் பிடித்துக்கொண்டார். குகநேசன் எழுந்து, “நிப்பாட்டுங்கோ! இது அரசாங்கக் கந்தோர்!” என்று கத்தினார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உடனே விதிப் புத்தகத்தை எடுத்தார். தபாலகத்தில் தப்படிக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினார். பக்கம் புரட்டினார். வேகமாகப் புரட்டினார். இன்னும் வேகமாகப் புரட்டினார். அப்புறம் பார்த்தால் பக்கம் தானாகப் பறக்கிறது, அவர் கை நடுங்குகிறது, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவுகிறது.

“ஏய்ய்!”

மேசையை ஓங்கி அடித்தார். தப்பு நின்றது.

“என்னாடா பாக்குறீங்க? எங்கடா என் சுருட்டு?”

யாழ்ப்பாணத்து வாயில் எங்கள் பேச்சு. ரோட்டில் நின்ற எழுபது பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். ‘புகைத்தல் தடை’ என்ற பலகைக்குக் கீழே யாரோ ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். சைவ உணவுக்காரர், சாம்பிராணிப் புகைக்கே தும்முகிறவர், இழுத்து ஊதினார்.

“எத்தன தடவடா என்னையக் கூப்புடுவீங்க? மரத்தடியில கல்லா நிக்கிற எனக்கு வெலாசம் இருக்கு. எரநூறு வருசமா குடியிருக்கிற ஒங்களுக்கு ஏன்டா இல்ல?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. தீட்டையும் மறந்து படி ஏறிவிட்டேன்.

“அத எங்களக் கேக்குறியா? வேணாம்னா சொன்னோம்? எழுதிப் போட்டு எழுதிப் போட்டுக் கையே தேஞ்சுபோச்சு! ஒனக்குக் குடுத்தாங்க, நீ வாங்கிக்கிட்ட. ஒக்காந்திருக்கிற. இந்தப் புள்ளைக்குக் குடுக்கல. அந்தக் கடுதாசிய எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் என்னைய வஞ்சுக்க!”

பின்னாலேயே ஏறி வந்த கிருஷாந்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். சாமி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தியது நான் இல்லை.

“பேனா” என்றார் சாமி.

கணேசமூர்த்தி கொடுத்தார். பதிவேட்டில் சூலம் ஒன்று சர்ரென்று விழுந்தது. பெட்டியைத் திறந்து நீளமான உறையை எடுத்து, முத்திரைக் கட்டையால் ஒரு குத்துக் குத்தி, கவுண்டர் கம்பிக்கு இடையால் கிருஷாந்தியின் கையில் கொடுத்தார். உடனே உடம்பு தொய்ந்து நாற்காலியில் விழுந்தது. தீட்டில்லாத யாரிடமும் விபூதி இல்லை. முத்திரை நனைக்க வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரை எடுத்துச் சிங்கள அம்மாதான் அவர் முகத்தில் தெளித்தார்.

குகநேசன் கண்ணைத் திறந்தார். “என்ன நடந்தது? ஏன் இவ்வளவு சனம்?”

“சாமி வந்து கையெழுத்துப் போட்டாருங்கய்யா” என்றார் கணேசமூர்த்தி.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பதிவேட்டை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டி, பழைய கையெழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். வாயில் சுருட்டு வாடை அடித்திருக்கவேண்டும், உதட்டை ஒருமுறை துடைத்தார்.

“சரியாத்தான் கிடக்கு” என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார். “அடுத்த ஆள் வாங்கோ.”

உண்மையிலேயே வந்ததா, அவராகவே வரவழைத்துக்கொண்டாரா என்று இன்றைக்கும் லயத்தில் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் சப்பாத்துப் போட்டிருந்தார், பெருவிரலைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் எல்லோரும் கிருஷாந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். “கிழிடி! என்னைக்குன்னு பாருடி!” என்று வேலாயி கத்தினாள். கிருஷாந்தி கிழிக்கவில்லை. உறையைத் திருப்பி அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னாடி?” என்றேன்.

“ஒட்டு பிரியாம இருக்கு பெரியம்மா” என்றாள். “இதுவரைக்கும் எனக்கு வந்த ஒரு கடுதாசி கூட ஒட்டுனபடியே வந்ததில்ல. ஆபீசுல யாராச்சும் படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க.”

செல்லசாமி அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார். நிரோஷனிடம் கொடுத்தார். அவன் தர்ஷனிடம் கொடுத்தான். பஜார் நடுவே, பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, எழுபது பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு உறையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. சுற்றி முடிந்து அது அவள் கைக்கே திரும்பியது.

என் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தேன். ஓரம் கிழியாமல் மெல்லப் பிரித்தாள். படித்தாள். விரல் விட்டு எண்ணினாள், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

“பத்தொன்பதாந் தேதி” என்றாள். “இன்னும் எட்டு நாள் இருக்கு.”

நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் லயத்தில் யாருக்கும் இதற்கு முன்னால் எட்டு நாள் கிடைத்ததில்லை.